வெண்தூண் மண்டபத்தில் ஒரு குடும்பப் படம்

கல்கத்தாவில் மார்கழி பிறந்துவிட்டால் நம்மவர் இல்லங்களில் இரண்டு மூட்டைகள் இறங்கும். ஒன்று பரணிலிருந்து இறங்கும் கம்பளி மூட்டை. மற்றொன்று ஹௌரா மெயிலில் வந்து இறங்கும் ஊர்ப் பெரியவர்களின் அப்பள வடக மூட்டை. (2001 முதல் இந்நகரைக் கொல்கத்தா என்று ஏடுகளில் எழுதிவருகிறோம், நம்மவர் வாயில் மட்டும் இன்னும் கல்கத்தாதான்.) பெரியவர்கள் வந்து, பிள்ளைகளுக்கும் விடுமுறை வாய்த்து, குடும்பம் முழுவதும் ஒரு கூரையின் கீழ்க் கூடியிருக்கும் வாரங்கள் ஆண்டில் இவைதாம். குடும்பப் படம் எடுத்துக்கொள்ளவும் இதுவே தக்க பருவம். அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நமக்கு மார்கழி எப்படியோ அப்படியே வங்காளிகளுக்கு அவர்களுடைய பௌஷ மாதம். அம்மாதத்தில் திருமணங்கள் நடைபெறா. ஆகவே படம் பிடிப்பவர்கள் ஓய்வாக இருப்பார்கள். கேட்ட நாளில் வருவார்கள். கூலியிலும் சற்று விட்டுக்கொடுப்பார்கள். தை பிறந்துவிட்டாலோ, மணமக்களாகப் போகிறவர்கள் ஜோடி ஜோடியாக வந்து நகரின் நல்ல இடங்களையெல்லாம் பிடித்துக்கொள்வார்கள்.

படக்கலைக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு நெடியது. எஸ்பிளனேடு பக்கம் போகிறவர்கள் போர்ன் அண்டு ஷெப்பர்டு நிலையத்தின் பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். 1860களில் தோன்றிய அந்நிலையம் ராஜாக்களையும் வைஸ்ராய்களையும் படமெடுத்துப் பேர்பெற்றது. 1991-ல் நேர்ந்த தீவிபத்தில் அதன் பழம்படங்களில் பெரும்பகுதி அழிந்தது. 2016-ல் நிலையமே மூடப்பட்டுவிட்டது. இப்போது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு காமிரா உறங்குகிறது. ஆனாலும், ஒரு நாளைக்கு நாற்பது படம் எடுக்கிறவர்கள் வீட்டிலேயே, எல்லாரும் சேர்ந்து ஒழுங்காக நிற்கும் படம் ஒன்றுகூட இல்லாதிருப்பதைக் காண்கிறோம். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. கும்பகோணத்து வீட்டுக் கூடத்தில் மாட்டும்படி பெரிதாக ஒரு படம் வேண்டுமென்று இவ்வாண்டு முடிவு செய்தோம்.

முடிவு செய்த மாத்திரத்தில் எங்கள் இல்லத்தரசி பீரோவைத் திறந்தாள். அது முறையன்று. முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஆடை அதன் பின்னரே. பின்புலம் என்ன நிறம் என்று தெரியாமல் சேலை எடுப்பது, எந்த ஊருக்குப் போகிறோமென்று தெரியாமல் டிக்கெட் வாங்குவதை ஒக்கும்.

இந்நகரில் குடும்பப் படத்துக்கு ஏற்ற இடங்கள் பல. ரவீந்திர சரோவர் ஏரிக்கரை முழுவதும் பச்சை. அங்கே பச்சைச் சேலை உடுத்தி நின்றால் முகம் மட்டும் மிதக்கும். ரைட்டர்ஸ் கட்டடத்தின் பக்கம் செங்கற் சிவப்பு. அரக்கும் காவியும் அங்கே எடுபடா. விக்டோரியா நினைவு மண்டபம் எல்லாருக்கும் தெரிந்ததே. 1906-ல் அடிக்கல் நாட்டி, மக்ரானாச் சலவைக் கல்லால் கட்டி, 1921-ல் திறந்தார்கள். அழகுக்குக் குறைவில்லை, ஆயினும் தொழிலாகப் படமெடுப்பவரை அழைத்துச் செல்வதானால் முன் அனுமதி பெற வேண்டும், விடுமுறை நாட்களில் கூட்டமும் தாங்காது. எல்லாவற்றையும் சீர்தூக்கி, ஹூக்ளி நதிக்கரையிலுள்ள பிரின்செப் காட் என்னும் படித்துறை மண்டபத்தை நாங்கள் தேர்ந்துகொண்டோம்.

அம்மண்டபத்தைப் பற்றி நம் சங்க அன்பர்களுக்குச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் அதை வெறும் மாலை நேரத் தின்பண்டச் சந்தையாகவே பலர் அறிந்திருக்கிறார்கள். உயர்ந்த வெண்தூண்கள் தாங்கிய அந்த மண்டபம் 1843-ல் ஜேம்ஸ் பிரின்செப் என்பவரின் நினைவாக எழுந்தது. அவர் கல்கத்தா நாணயச் சாலையில் உலோக மாற்றுப் பார்க்கும் அதிகாரியாக இருந்தவர். ஏசியாடிக் சொஸைடியின் செயலாளர். படிப்பாரற்றுக் கிடந்த பிராமி எழுத்தை 1837-ல் படித்துக் காட்டியவர் அவரே. அதன் பயனாக அசோகரின் கல்வெட்டுகள் வாய் திறந்தன. அக்கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் என்ற பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் முன்னோரின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் கல்லிலிருந்து எழுப்பிய அலுவலர் ஒருவரின் நினைவிடத்தில், தஞ்சைத் தரணியிலிருந்து வந்த ஒரு ரயில்வே குமாஸ்தாவின் குடும்பம் நின்று படமெடுத்துக்கொள்வதில் பொருத்தம் இல்லாமற் போகவில்லை. அவர் 1840-ல் காலமானபோது வயது நாற்பதே.

போக்குவரத்தும் வசதியே. 1984 முதல் ஓடும் வட்டப்பாதை ரயிலில் பிரின்செப் காட் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. இறங்கினால் எதிரே மண்டபம். அது கிழக்கு ரயில்வேயைச் சேர்ந்தது. நாம் ஊழியம் செய்வது தென்கிழக்கு ரயில்வேயில். ஆகவே இந்தப் பாராட்டில் தன்னலம் ஏதுமில்லை.

இடம் முடிவானதும் சூரியனைக் கேட்க வேண்டியிருந்தது. நதி மேற்கே இருப்பதால் மாலை வெயில் நீரைத் தடவிக்கொண்டு வந்து தூண்களின் மேல் விழும். மார்கழியில் இவ்வூரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. சென்னையைவிட ஏறக்குறைய முக்கால் மணி முந்தி. ஊர்க் கணக்கில் ஐந்தரைக்குப் போய் நிற்பவர்கள் இருட்டைத்தான் படமெடுக்க முடியும். மூன்றரைக்கே அங்கே இருக்க வேண்டுமென்று படம் பிடிக்கும் இளைஞர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இனி ஆடைக்கு வருவோம். வெண்தூண்களின் முன் வெள்ளை கூடாது என்பது முதல் விதி. இவ்விதியால் முதலில் அடிபட்டது நமது எட்டு முழ வேட்டியும் வெள்ளைச் சட்டையும். வேட்டியை விட மனமில்லாமையால் மேலே ஆழ்ந்த நீலச் சட்டை அணிவதென்று சமாதானம் ஆயிற்று. எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்துவது இப்போது நாகரிகமாகியிருக்கிறது. எங்களுக்கு அது பிடிக்கவில்லை. பாண்டு வாத்தியக் கோஷ்டி போலத் தோன்றும். குடும்பத்தில் யாரேனும் ஒருவருடைய சேலையை முதலில் தேர்ந்து, அதில் உள்ள நிறங்களுக்கு இசைவாக மற்றவர்கள் உடுத்துவதே நல்லது. சிறு கட்டம் போட்ட சட்டை இக்காலக் காமிராவில் அலையலையாக நெளியும். எழுத்துப் பொறித்த பனியனை அணிந்த பிள்ளை ஒருவன் இருந்தால், பார்க்கிறவர் முகத்தை விட்டு எழுத்தைப் படிப்பார். எங்கள் மகன் கிரிக்கெட் வீரர் ஒருவரின் பெயர் பொறித்த பனியனோடுதான் வருவேன் என்று இரண்டு நாள் சத்தியாக்கிரகம் செய்தான். உள்ளே அதை அணிந்து மேலே சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்று உடன்படிக்கை செய்தோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பாவாடை தாவணியா, வங்காளப் பருத்திச் சேலையா என்று ஒரு வாரம் ஊசலாடினாள். குரங்குக் குல்லாய் என்று இவ்வூரார் ஆசையுடன் அணியும் கம்பளித் தொப்பியை யாரும் அன்று தலையில் ஏற்றக்கூடாது என்பது மட்டும் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம்.

இவையெல்லாம் சிறு சங்கடங்களே. பெரிய சங்கடம் எங்கள் தாயாரைப் பற்றியது.

"நல்ல படத்திலே நான் எதற்குத் தம்பி? நீங்கள் நாலு பேரும் அழகாய் நில்லுங்கள். நான் வீட்டிலே காப்பி போட்டு வைக்கிறேன்" என்றார் அவர்.

தகப்பனார் மறைந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அதன் பின் எங்கள் குடும்பப் படம் எதிலும் தாயார் இல்லை. தங்கையின் திருமணத்தில்கூட ஆயிரம் படம் எடுத்தார்கள். ஒன்றில் மட்டும், சமையற்கட்டு வாசலில், முதுகு தெரிகிறது. அவராக வகுத்துக்கொண்ட விலக்கு அது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் வேண்டாமென்று யாரும் வாய்விட்டுத் தடுக்கவும் இல்லை. வெளுத்த சந்தன நிறம், சாம்பல் நிறம் இவற்றைத் தவிர அவர் பெட்டியில் வேறு சேலை கிடையாது. எங்கள் மகனுக்கு எட்டு வயது. அவனும் அவன் அப்பாயியும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுமே இல்லை. தாயாரின் இப்போதைய முகம் உள்ள ஒரே படம் அரசாங்க அடையாள அட்டையில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் கூடத்தில் மாட்ட விரும்பமாட்டார்கள்.

நாங்கள் எவ்வளவோ எடுத்துரைத்தோம். பலிக்கவில்லை. காரியத்தைச் சாதித்தவர் மாடியில் குடியிருக்கும் வங்காள மூதாட்டி. அவரை மாசிமா என்று அழைப்பது வழக்கம். அவருக்குத் தமிழ் தெரியாது. தாயாருக்கு வங்காளம் தெரியாது. ஆயினும் நாள்தோறும் மொட்டை மாடியில் வடகம் காயும் நேரத்தில் இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். பள்ளி விடுமுறையில் எங்கள் மகள் இடையிலிருந்து மொழிபெயர்ப்பாள். மாசிமாவும் கணவரை இழந்தவரே. அவர் தம் பூஜை அறைக்குத் தாயாரை அழைத்துச் சென்று அன்னை சாரதா தேவியாரின் படத்தைக் காட்டினார். கால் மடித்து அமர்ந்திருக்கும் அந்தப் படம் நம்மவர் வீடுகளிலும் இருப்பதுதான். அது எடுக்கப்பட்டது 1898-ல், இந்நகரின் பாக்பஜாரில். மேல்நாட்டு அன்பரான சாரா புல் அம்மையார் விரும்பிக் கேட்டபோது அன்னை முதலில் இசையவில்லை, பின்னரே இணங்கினார். பரமஹம்சர் 1886-லேயே மறைந்துவிட்டார். அதன் பின்னும் அன்னையார் கைவளையைக் கழற்றாமல், மெல்லிய சிவப்புக் கரையிட்ட சேலையே உடுத்தி வந்தார். மாசிமா சொன்னதையெல்லாம் மகள் தமிழில் சொன்னாள். தாயார் நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "இவர்களும் முதலில் மாட்டேன் என்றார்களா?" என்று மட்டும் கேட்டாராம். அன்றிரவு சாப்பிடும்போது, "வருகிறேன். ஆனால் ஓரமாகத்தான் நிற்பேன்" என்றார்.

வருவதாக ஒப்புக்கொண்டாலும் அவருடைய வெளுத்த சேலைகள் வெண்தூண்களின் முன் கரைந்து போகுமே! எங்கள் இல்லத்தரசி, "அத்தை, உங்கள் சேலையைத்தான் முதலில் எடுக்கப் போகிறோம், அதற்குப் பொருத்தமாகத்தான் நாங்கள் உடுத்துவோம்" என்று சொல்லி, கரியாஹாட்டுக்கு அழைத்துப் போனாள். சாந்திபுரி, தனியாகாலி, புலியா என்று ஊருக்கு ஒரு பேர் சொல்லி விற்கும் தாந்துப் பருத்திச் சேலைகளுக்குக் கரியாஹாட்டை விஞ்சிய இடம் இல்லை. கடைக்காரர் முதலில், வழக்கம் போல, அகலச் சிவப்புக் கரையிட்ட வெள்ளைச் சேலையைப் பிரித்துப் போட்டார். துர்க்கை பூஜையில் வங்காளச் சுமங்கலிகள் உடுத்துவது அதுவே. விரித்த பிறகுதான் தாயாரை ஏறிட்டுப் பார்த்தார். உடனே அதைச் சட்டென்று மடித்துவிட்டு, மெல்லிய கறுப்புக் கரையிட்ட வெள்ளை ஒன்றை எடுத்து வைத்தார். மரியாதையாகத்தான் செய்தார், குறை சொல்ல இயலாது.

"ஏன் அதை மடித்துவிட்டார்?" என்று தாயார் கேட்டார்.

மறைப்பதில் பயனில்லை, உள்ளதைச் சொன்னோம். இவ்வூரில் சிவப்புக் கரை சுமங்கலிக்கு, கரையே இல்லாத வெள்ளைத் 'தான்' கைம்பெண்ணுக்கு, கறுப்புக் கரை அதற்குச் சற்று இளக்கம்.

"நம் பக்கத்திலே வெள்ளையே ஆகாது. இங்கே வெள்ளையிலும் கரையைப் பார்க்கிறார்களா!" என்று தாயார் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவர் கடைக்காரர் எடுத்து வைத்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு, அடுக்கின் நடுவிலிருந்து ஒரு சேலையைத் தாமே இழுத்தார். பாக்கு நிற உடல். இலைப் பச்சைக் கரை. பாக்கும் வெற்றிலையும் போல் இருந்தது. நெசவு மெல்லிதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தார், விலை கேட்டார், பாதியாகக் கேட்கும்படி பேத்தியைத் தூண்டினார். அவர் பேரம் பேசுவதைக் கேட்டே எங்களுக்குப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தச் சேலையைக் கட்டிலில் விரித்து வைத்து அதைச் சுற்றி மற்ற ஆடைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இல்லத்தரசியின் மாம்பழ மஞ்சள் பட்டு அதற்கு இசைந்தது. கூரைப்புடைவை அரக்கு, அதை உடுத்தத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் அதன் ஜரிகை அகலம். வெயில் பட்டால் கண்ணைப் பறிக்கும். "அத்தை சேலை எடுபடட்டும்" என்று அவளே பெட்டியில் வைத்துவிட்டாள். மகளுக்குக் கத்தரிப்பூ நிறத் தாவணி. மகனுக்கு இலைப் பச்சைச் சட்டை.

இங்கே ஒரு பழங்கதை. எங்கள் பாட்டனார் பாட்டியாரின் படம் ஒன்று ஊரில் இருக்கிறது. பாட்டியார் கன்னங்கரிய சேலையில் நிற்பார். சிறுவயதில் நாங்கள் அதைக் கண்டு அஞ்சுவதுண்டு. "அது கறுப்பில்லை, அரக்கு" என்று தாயார் ஒவ்வொரு முறையும் திருத்துவார். பிற்காலத்தில்தான் விளங்கிற்று: அந்நாளைய பல ஃபிலிம்களுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. ஆகவே சிவப்பெல்லாம் கறுப்பாகவும், நீலம் வெளுப்பாகவும் விழும். விவரம் தெரிந்த ஸ்டுடியோக்காரர்கள் சேலையைப் பார்த்து எச்சரிப்பார்களாம். கோட்டும் டையும் இரவல் தந்ததைப் போல அதுவும் அவர்கள் தொழிலில் அடங்கும்.

குறித்த நாளன்று காலையில் லேக் மார்க்கெட்டில் மல்லிகை வாங்கினோம். வாழையிலையும் பூவும் காப்பித் தூளும் அங்கே கிடைப்பதால்தான் நம்மவர் பலர் ராஷ்பிஹாரி அவென்யூப் பக்கத்தை விட்டு நகராமல் இருக்கிறார்கள். பூ வேண்டாம் என்றார் தாயார். அதை நாங்கள் வற்புறுத்தவில்லை.

மூன்றே கால் மணிக்கு மண்டபத்தில் இருந்தோம். பனிமூட்டம் விலகி வெயில் வெளிறிய பொன்னாக இருந்தது. மண்டபத்துக்கு அப்பால் வானில் இழுத்துக் கட்டிய தந்திகளோடு தெரியும் பாலம் வித்யாசாகர் சேது. 1992-ல் திறந்தது. கைம்பெண் மறுமணச் சட்டத்துக்காகப் போராடி, 1856-ல் அது நிறைவேறக் காரணமாயிருந்த ஈசுவரசந்திர வித்யாசாகரின் பெயர் அதற்கு. தம் மகனுக்கே 1870-ல் ஒரு கைம்பெண்ணை மணமுடித்தவர் அவர். இதைச் சொன்னபோது தாயார், "அந்த வீட்டு அம்மாள் என்ன சொன்னாளோ!" என்றார். பாலத்தைவிட அதன் கீழே போகும் படகுகள்தாம் அவருக்குப் பிடித்திருந்தன.

நிறுத்தும் வேலை தொடங்கியது. தாயார் சொன்னபடியே ஓரத்தூணை ஒட்டிப் போய் நின்றார். கம்பளிச் சால்வையை வேறு கழுத்துவரை போர்த்திக்கொண்டார். எங்கள் குடும்ப வரலாறு எதுவும் அறியாத அந்த வங்காள இளைஞர் காமிராவிலிருந்து தலையைத் தூக்கி, "டாகுமா மாஜ்கானே!" என்று குரல் கொடுத்தார். பாட்டியம்மா நடுவில் என்று பொருள். தாயார் மகளைப் பார்த்தார். மகள் மொழிபெயர்க்கவில்லை, கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். சால்வையை இல்லத்தரசி வாங்கி ஒரு தூணின் பின்னே மறைத்து வைத்தாள். பாக்கு நிறச் சேலை வெண்கல்லின் முன் தெளிவாக எழுந்து நின்றது. அந்நேரம் பார்த்து வட்டப்பாதை ரயில் ஊதிக்கொண்டு வந்தது. மகன் அதைத் திரும்பிப் பார்க்க, ஏழெட்டுப் படங்கள் வீணாயின. ரயில்வேக்காரன் பிள்ளை வேறு எதைப் பார்ப்பான்!

நாலே முக்காலுக்கு வெயில் போய்விட்டது. வேலையும் முடிந்தது. தூணின் பின்னே வைத்த சால்வையைத் தேடி எடுத்துக்கொண்டு, கரையோரம் ஜால்மூரி வாங்கித் தின்றோம். தாயார் அதில் கடுகெண்ணெய் வாசம் அதிகம் என்றார். ஆனால் பொட்டலத்தைக் காலி செய்தார்.

படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் மூன்று பிரதி போட்டோம். ஒன்று எங்களுக்கு, ஒன்று மாசிமாவின் பிடிவாதத்தால் அவர் வீட்டுக்கு, ஒன்று கும்பகோணத்துக்கு. தாயார் தை பிறந்து ஊர் திரும்பியபோது அதைச் சேலைகளுக்கு நடுவே வைத்து, மடங்காதபடி பெட்டியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு ஹௌரா மெயிலில் சென்றார். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியாயிற்று என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்களாம். சேலை சிவப்பா என்று கேட்டார்களாம். "சிவப்பில்லை, பாக்கு நிறம், அந்தி வெயிலிலே அப்படி விழுந்திருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.